மை

பரேலில் நான்காம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
பிள்ளையைத் தோளில் போட்டு ஏறி வந்தவள்
மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:
'காய்ச்ச இல்லாத நாளாப் பாத்து வரணும்னு சொன்னாங்க.
அப்படி ஒரு நாள் கிடைக்க
ரெண்டு மாசம் ஆச்சு.'

என் வேலை முடி.
இருபது இழை, கண்ணாடித் தகடு, ஒரு சொட்டுத் திரவம்.
பிறகு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது
(அது சம்பளத்தில் சேராது;
தாராவியிலிருந்து யார் வந்தாலும்
என்னைத்தான் கூப்பிடுவார்கள்).

இசக்கிப்பாண்டி. மூன்று வயது.
டாக்டர் காமத்தின் சீட்டு:
'வெள்ளணுக்களில் பெரிய மணிகள். முடியைப் பார்க்கவும்.'
பார்த்தேன். கன்னங்கரேல்.
ட்யூப்லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கினான்.
காதுக்குப் பின்னால் விலக்கினேன்,
அங்கே ஒரு நெல்மணி நீளத்துக்கு
தேய்த்துக் கவிழ்த்த ஈயச் சொம்பின் நிறம்.

அவள் தரையைப் பார்த்தாள்.
'பத்து ரூவா பாக்கெட்டு, மாசம் ரெண்டு.
ரயில்ல கெழவன்னு சிரிக்காங்க.
நாலு ஆசுபத்திரி ஏறியாச்சுக்கா.
ஒவ்வொண்ணுக்கும் முந்தின ராத்திரி
மை அடிச்சு, குளிப்பாட்டி,
நல்ல பிள்ளையாத்தான் கூட்டிட்டுப் போனேன்.'

நான்கும்
நல்ல பிள்ளையைத்தான் பார்த்தன.
காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்தன.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
அவளே விரலை மடக்கி
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

காட்டுங்க என்றாள். காட்டினேன்.
முதலில் என் முடி:
ஒரே சீராக, புதுசாய்த் தார் போட்ட ரோடு.
அடுத்து அவனுடைய நெல்மணி நீளம்:
கண்ணாடிக் குழாயில்
யாரோ கடுகைச் சிந்தியிருந்தார்கள்.
பிறகு ரத்தம். வெள்ளணுவுக்குள்
உருண்டு திரண்ட உருவங்களை
ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

'குழி நெறைய மாவ ஊத்திட்டா
இட்லி இப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்.
எடுக்கவும் முடியாது, விக்கவும் முடியாது.'

அவள் புருஷன் நாலரைக்கெல்லாம்
சைக்கிளில் அண்டாவைக் கட்டி சயானுக்குப் போகிறவன்.
நாங்கள் நாற்பது பக்கத்தில் எழுதியதும் அதைத்தான்:
நிறம் சுமக்கும் பை, கிருமிக்கு நஞ்சு சுமக்கும் பை,
உள்ளே எல்லாம் வெந்துதான் இருக்கிறது,
எதுவும் வாசல் தாண்டவில்லை.

குடும்ப வரைபடம்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
கல்யாணத்துக்கு முன்பே உறவா?
'அம்மா கூடப்பொறந்த மாமன்.'
உறவென்றால் இரட்டைக் கோடு.
'தப்பாக்கா?'
இல்லை என்றேன்.
எங்கப்பா அம்மாவும் அப்படித்தான் என்றேன்.
சொல்லிக்கொண்டே ஸ்கேலை வைத்து
இரண்டாவது கோட்டை இழுத்தேன்.

'மூத்தது பொம்பளப்பிள்ள. பதினாலு மாசம்.'
வட்டத்தை வரைந்து
குறுக்கே ஒரு சாய்கோடு.
'அதுக்கு மை அடிக்கல,' என்றாள்.

படிவம், ஆறாம் பத்தி:
இந்த ஆய்வால் உங்கள் பிள்ளைக்கு
நேரடிப் பலன் இல்லாமலும் போகலாம்.
தலையாட்டினாள்.
ஏழாம் பத்தி:
காரணம் எதுவும் சொல்லாமல்
எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.
திரும்ப வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
'நல்லாருக்கு,' என்றாள். 'கேக்க.'

முப்பிடாதி என்று எழுத்துக்கூட்டிப் போட்டாள்.
தாளை அழுத்திப் பிடித்த பெருவிரலின்
நகக்கண்ணில் நேற்றைய கறுப்பு;
ஓரத்தில் பதிந்துவிட்டது.

மஜ்ஜை பொருந்துமா என்று
தகப்பன் ரத்தம் போயிருக்கிறது. பதில் இல்லை.
அடுத்த தடவை மை வேண்டாம் என்றேன்.
'அப்ப ரயில்ல?'
குல்லா போடுங்க என்றேன், வேறென்ன சொல்ல.
படி இறங்கும்போது அவன்
என் அடையாள அட்டையை விடமாட்டேன் என்றான்.

தணிக்கைக்கு வந்தவர்
பதினேழாம் எண் கோப்பில் நின்றார்.
கறை என்று பென்சிலால் வட்டமிட்டு
புதுப் படிவம் வாங்கச் சொன்னார்.
அடுத்த முறை வரும்போது என்று
பக்கத்திலேயே எழுதி
வைத்திருக்கிறேன்.